செருப்பாணிகள் போன வழி

என் தங்கையின் ஊரை ரோமானியர்கள் எரித்துத் தரைமட்டமாக்கினார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதிதான். இருந்தாலும் எரிந்தது. எதுவானாலும் அவளுக்குத்தான் கிடைக்கிறது.

விசி எனக்கு இளையவள். சின்ன வயதில் அப்பா சந்தையிலிருந்து ரிப்பன் வாங்கி வந்தால் சிவப்பு அவளுக்கு, பழுப்பு எனக்கு. பிறகு கணவாய்க்கு அந்தப் பக்கம் வால்தெரோவில் ஃபோன்சோவைக் கட்டிக்கொண்டு போனாள். ஃபோன்சோ எப்படிப்பட்டவன் என்றால், கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் மனைவியின் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கையில் கொடுப்பவன். நான் பிறந்த ஊரான ரெபோயாரிலேயே, அப்பா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, நார்தோவைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதன். பசுக்களிடம் நிறையப் பேசுவான். என்னிடம் பேச ஆரம்பிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

எங்கள் ஊருக்கு மேலே லோமா என்று ஒரு குன்று. அவர்கள் ஊருக்கு மேலே காஸ்த்ரோ. இரண்டின் உச்சியிலும் பழைய மதில் இடிந்து கிடக்கிறது. நடுவே கணவாய். அகஸ்டஸ் காலத்தில் இந்த மலைக்காரர்களை அடக்கப் படை வந்தது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அந்தப் படை நம் மாடு மேய்கிற இடத்துக்கே வந்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. லெயிரே வந்து தோண்டிய பிறகுதான் தெரிந்தது.

லெயிரே பல்கலைக்கழகத்துக்காரி. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். தோண்டியதெல்லாம் காஸ்த்ரோவில், தங்கியதெல்லாம் என் வீட்டில். அவ்வளவு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை இந்தப் பள்ளத்தாக்கிலேயே என்னிடம்தான் இருக்கிறது. வருஷத்தில் பதினோரு மாதம் அந்த மேசையின் ஒரு மூலையில் நான் மட்டும் சூப் குடிப்பேன். ஆகஸ்டில் அது நிரம்பி வழியும். வெள்ளை பீன்ஸும் முட்டைக்கோஸும் ரத்தத் தொத்திறைச்சியும் போட்டுப் பெரிய பானையில் வைப்பேன். பையன்கள் பானையின் அடியை ரொட்டியால் துடைத்துத் தின்பார்கள். சத்தம் போடுவார்கள், சேற்றுக் காலோடு உள்ளே வருவார்கள், நான் திட்டுவேன். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் மற்ற மாதங்களில் எழுந்திருக்கிறேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவர்கள் காஸ்த்ரோவில் எடுத்தவை ஈயக்குண்டுகள். பாதாம்பருப்பு வடிவில், கவணில் வைத்து வீசுவது. அப்புறம் எரிந்த கூரை, வளைந்த ஈட்டிமுனை. வால்தெரோவில் கடைசிவரை சண்டை போட்டிருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் வந்தது. உடனே அந்த ஊர்க்காரர்கள் நடையே மாறிவிட்டது. ரொட்டி வாங்க வருகிறவன்கூட மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான். ஊர் நுழைவில் கேடயத்தோடு ஒரு வீரனை மரத்தில் செதுக்கி நிறுத்தினார்கள். அதன் முகம் அசப்பில் ஃபோன்சோ மாதிரியே இருந்தது.

போன ஜூனில் விசி என் சமையலறைக்கு வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. எங்க மாட்டுத்தொழுவத்த இடிச்சு ரூம் கட்டியிருக்கோம். வெந்நீரெல்லாம் வருது. அந்தப் புள்ளைங்க தினமும் கணவாய் ஏறி எறங்கி ஏன் சாகணும்? வேல நடக்கிற எடத்துலயே தங்கிக்கட்டுமே."

"என் வீட்லயும் வெந்நீர் வருது."

"வருது. மொதல்ல குளிக்கிறவளுக்கு மட்டும் வருது."

"அவங்க வெந்நீருக்கு வரல. என் சாப்பாட்டுக்கு வர்றாங்க."

"நான் மட்டும் என்ன, பச்சத்தண்ணிய ஊத்தியா அனுப்பப்போறேன்?" என்று சிரித்தாள். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஆங், சொல்ல மறந்துட்டேன். சான் ரோக்கே திருவிழாவுல இந்த வருஷம் சண்டைக் கூத்து வைக்கிறோம். ரோமாக்காரன் வேஷத்துக்கு ஆள் பத்தல. உங்க ஊர்ல சும்மா இருக்கிறவங்கள அனுப்பி வையேன்."

அவள் போன பிறகு கோப்பையைக் கழுவும்போது அதன் காதை உடைத்துவிட்டேன்.

லெயிரே வந்ததும் நேராகவே கேட்டேன். அவளும் மறைக்கவில்லை. "எனக்கும் உங்க வீட்ட விட மனசில்ல, எலாதியாம்மா. ஆனா வேலயெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. ஒண்ணு செய்யறேன். இந்த வருஷம் உங்க லோமாவுல ஒரு குழி போட்டுப் பாக்கறேன். ஏதாவது கெடச்சா இங்கயே இருப்போம். கெடைக்கலன்னா அடுத்த வருஷம் வால்தெரோதான். என்னை மன்னிச்சிடணும்."

அன்றிலிருந்து நான் ரோமானியர்களுக்காக ஜெபம் செய்தேன். எங்கள் ஊரையும் கொஞ்சம் எரித்திருக்க வேண்டும் கடவுளே, நாலு பேரையாவது வெட்டியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பாதிரியாரிடம் இதைச் சொல்லவில்லை.

குழி போட்ட முதல் வாரத்திலேயே கரி கிடைத்தது. ஹகோபோ என்கிற மாணவன் சாப்பிட வந்தபோது அவன் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது. "மதிலுக்கு உள்பக்கம் முழுக்கக் கரிதாம்மா" என்றான். லெயிரே அவனை முறைத்தாள்.

"எலாதியாம்மா, கரின்னா கரி, அவ்ளோதான். முழுசாத் தோண்டிப் பாக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்."

மதுக்கடையில் சொன்னேன். மாதா கோயிலில் சொன்னேன். ரொட்டி வண்டிக்காரனிடம் சொன்னேன். அவன் அடுத்துப் போகிற ஊர் வால்தெரோ என்று தெரிந்துதான் சொன்னேன். சாயங்காலமே விசி போன் செய்தாள்.

"உங்க ஊரையும் எரிச்சாங்களாமே?"

"ஆமா. நல்லாவே எரிச்சிருக்காங்க. ஒரு ஜாண் உயரத்துக்குக் கரி."

"எங்களுது ஒன்றரை ஜாண்."

"இன்னும் முழுசாத் தோண்டல. பொறுத்திருந்து பாரு."

எங்கள் ஊரில் அன்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. மதுக்கடையில் கிழவர்கள் எழுந்து நின்று கோப்பை தூக்கினார்கள். நம் ஆட்களும் அடிபணியாமல் செத்திருக்கிறார்கள் என்று ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரோமாக்காரன் வேஷம் போடுவதாக ஒத்துக்கொண்ட பையன்கள் முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் லெயிரே சாப்பாட்டு மேசைமேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை வைத்தாள். உள்ளே துருப்பிடித்த முள்கம்பித் துண்டு. கரிக்கு நடுவில் இருந்து எடுத்ததாம்.

"ரோமானியர்கிட்ட முள்கம்பி இல்லம்மா" என்றாள் மெதுவாக.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மலையில் பிறந்த யாருக்கும் முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். குளிர் முடியும்போது நாங்கள் முட்புதருக்குத் தீ வைப்போம். புதர் எரிந்தால்தான் வசந்தத்தில் மாட்டுக்குப் புல் முளைக்கும். அரசாங்கம் கூடாது என்கிறது. வைத்தது யார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு பிப்ரவரியில் நார்தோ வைத்த தீ காற்று திரும்பி லோமா முழுக்க ஏறிவிட்டது. வேலிக்கம்பமெல்லாம் எரிந்து விழுந்தது. நானே ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு விடியும்வரை அடித்திருக்கிறேன். முகம் கறுத்துப்போய் இறங்கி வந்த எனக்கே அது மறந்துபோயிற்று. ரெபோயாரில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. நம்மை ஒருவன் எரித்தான் என்று நம்ப அவ்வளவு ஆசையாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே விசி பால்கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். துக்கம் விசாரிக்க வருகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா, அப்போ உங்க ஊர எரிச்ச ரோமாக்காரன் நம்ம நார்தோ அத்தான்தானா?"

மாணவர்கள் சிரித்தார்கள். லெயிரேகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அந்தக் கேக்கைக் கோழிக்குப் போட்டேன். கோழி விரும்பித் தின்றது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசி வாரத்தில் வேறு வேலை இல்லாததால் லெயிரே மாணவர்களை வரிசையாக நிறுத்தி, உலோகம் தேடும் கருவியோடு லோமாவின் சரிவில் நடக்க விட்டாள். பழைய மதிலின் வாசல் இருந்த இடத்தில் முதல் ஆணி கிடைத்தது. சுண்டுவிரல் நகம் அளவு இரும்பு. ரோமானிய வீரனின் செருப்பு அடியில் அடித்திருப்பது. நடக்க நடக்கக் கழன்று விழும். ஆணித்தலையின் உள்பக்கம் சிலுவையும் புள்ளியும் இருந்தால் அது அவர்களுடையதுதான், சந்தேகமே இல்லை என்றாள். ஆணி கிடைத்த இடத்தில் எல்லாம் ஒரு சிவப்புக் கொடியைக் குத்தி வைத்தார்கள்.

என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கொடிகள் தெரியும். முதல் நாள் வாசலில் நாலைந்து. மறுநாள் மதிலுக்கு உள்ளே. அதற்கடுத்த நாள் வாசலுக்கு வெளியே, கணவாயை நோக்கி. பானையைக் கிளறுவதும் ஜன்னலுக்கு ஓடுவதுமாக இருந்தேன். வந்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார்கள். விசியும் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

கொடிகள் கணவாயைக் கடந்தன. பாறைக்கு அடியில் போகிற ஆட்டுத்தடத்தில் ஒவ்வொன்றாக ஏறின. காஸ்த்ரோவின் முதுகுப்பக்கம் போய் நின்றன.

அன்று லெயிரே சாப்பிட வந்ததும் சொன்னாள். "அடுத்த வருஷம் இங்கதாம்மா. அதுக்கடுத்த வருஷமும் இங்கதான். உங்க லோமாவையும் அந்த வழியையும் முழுசாத் தோண்டணும். உங்க வீட்லயே தங்கிக்கறோம்."

இதைக் கேட்கத்தானே இத்தனை பாடும். அவள் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் ஊற்றினேன். பெரிய தொத்திறைச்சியாகப் பார்த்து வைத்தேன். அவள் சாப்பிடவில்லை.

"ஏம்மா, உப்பு கூடிப்போச்சா?"

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும். அந்த ஆட்டுத்தடம் வெளியூர்க்காரன் கண்ணுல படுமா?"

"எங்க படும்? கீழருந்து பாத்தா வெறும் பாறைதான் தெரியும். எங்க மாடே சில சமயம் தவறிப்போகும். யாராவது முன்னால நடந்து கூட்டிட்டுப் போனாத்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன்.

லெயிரேதான் மெதுவாகச் சொன்னாள். லோமாவின் வாசல் எரியவே இல்லை. மதிலில் ஒரு ஈயக்குண்டுகூட இல்லை. ஒரு ஈட்டிமுனை இல்லை. வீரர்கள் திறந்த வாசல் வழியாக உள்ளே போய், அதே வாசல் வழியாக வெளியே வந்திருக்கிறார்கள். பிறகு ஆட்டுத்தடம் வழியாக நேராக காஸ்த்ரோவின் பின்பக்கம். காஸ்த்ரோவில் கிடைத்த குண்டுகள் எல்லாமே பின்மதிலில்தான் கிடைத்தன. ஆற்றைப் பார்த்த முன்வாசலில் ஒன்றும் இல்லை. அது ஏன் என்று அவளுக்கு இத்தனை வருஷமாகப் புரியவில்லை. இப்போது புரிந்துவிட்டது.

"எங்க ஆளுங்க வழி காட்டியிருக்காங்க" என்றேன்.

"மிரட்டியிருக்கலாம். புள்ளைங்கள பிடிச்சு வச்சிருக்கலாம். ஆணி வழியத்தான் சொல்லும்மா, காரணத்தச் சொல்லாது." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வால்தெரோவுல ரெண்டு ஊருக்கும் முன்னால இந்த வருஷம் கெடச்சதப் பத்திப் பேசும்போது நான் இத மறைக்க முடியாது. கஷ்டமா இருந்தா நீங்க வராதீங்க" என்றாள்.

"நான் ஏன் வராம இருக்கணும்? எங்க ஊர் ஆணி" என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் வால்தெரோவில் பந்தெறிந்து மரக்கட்டைகளைச் சாய்த்து ஆடும் திடலில் நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் வெள்ளைத்துணி கட்டியிருந்தது. எங்கள் ஊர் ஒரு பக்கம், அவர்கள் ஊர் ஒரு பக்கம். விசி முன்வரிசையில் நல்ல சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஃபோன்சோ.

லெயிரே மேலிருந்து எடுத்த படத்தைக் காட்டினாள். பச்சை மலையில் சிவப்புக் கொடிகள். எங்கள் வாசலில் ஆரம்பித்து அவர்கள் முதுகில் போய் முடிந்தன. அவள் எவ்வளவோ பக்குவமாகத்தான் சொன்னாள். இருந்தாலும் சொல்லி முடித்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் பின்வரிசையில் ஒருவன், "அன்னிக்கே அப்படித்தானாடா நீங்க" என்றான். ஃபோன்சோ திரும்பி அவனை அடக்கினான்.

விசி எழுந்து நின்றாள். கத்தியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் எங்கள் பக்கம் பார்த்து, காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"விடுங்கப்பா. எப்பவோ நடந்தது. பாவம், அவங்களும் என்ன செய்வாங்க? பயந்துட்டாங்க. எல்லாருக்கும் தைரியம் வந்துடுமா? நாங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

ஆக, செத்த பெருமையும் அவளுக்கு, மன்னிக்கிற பெருமையும் அவளுக்கு. எங்களுக்குப் பயம். நார்தோவின் தீயை என் ஈரச்சாக்கால் அடித்தவள் நான். லெயிரே சொன்ன காரணங்கள் எல்லாம் என் நாக்கு நுனியில்தான் இருந்தன. மிரட்டியிருப்பார்கள், பிள்ளைகளைப் பிடித்து வைத்திருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து நின்றேன்.

"பயந்தெல்லாம் இல்ல."

"அப்புறம் எதுக்குக்கா கூட்டிட்டு வந்தாங்க?"

"எங்க லோமாவுல எவளுக்காவது, காஸ்த்ரோவுல வாக்கப்பட்ட ஒரு தங்கச்சி இருந்திருப்பா."

எங்கள் பக்கம் இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். விசியின் முகத்தில் இருந்த பரிவு போய்விட்டது. சின்ன வயதில் ரிப்பனை அவள் கையிலிருந்து பிடுங்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் பார்த்தபோது நன்றாக இல்லை.

"அப்போ அந்தத் தங்கச்சிக்கும் தெரிஞ்சிருக்கும்க்கா" என்றாள். குரல் உயரவே இல்லை. "பின்பக்கம் சத்தம் கேட்டப்பவே, வழி காட்டினது யாருன்னு."

யாரோ நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார்கள். லெயிரே என் பக்கத்தில் வந்து நின்று, அடுத்த ஆகஸ்டுக்கு இன்னும் நாலு பேர் அதிகமாக வருவார்கள், மேசையில் இடம் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

திடலின் அந்தக் கோடியில் விசி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஃபோன்சோ கீழே விழுந்திருந்த சால்வையை எடுத்து உதறி, அவள் தோளில் போட்டு, கையை அங்கேயே வைத்தபடி வீட்டுக்கு அழைத்துப் போனான். எனக்கு அதைப் பார்க்கவும் பொறாமையாக இருந்தது.